காற்றை மிச்சம் பிடித்தவர்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில், நிற்கிற பஸ்ஸின் டிரைவரிடம் போய், "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, டீசல் வீணாகுது" என்று சொல்லக்கூடிய மனிதர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். "உன் வூட்டு டீசலா?" என்பார் டிரைவர். "நாட்டு டீசல்" என்பார் இவர், அசராமல். கேட் திறந்ததும் பஸ் போய்விடும். நாட்டைக் காப்பாற்றிய களைப்போடு இவர் சைக்கிளில் ஏறுவார்.

பெயர் ஜானகிராமன். பிறந்தது மதுராந்தகத்தில், நெல் மண்டி வைத்திருந்த குடும்பத்தில். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. நாலைந்து கம்பெனிகளில் ஃபேன்களை அணைத்துவிட்டு, 1997-இல், கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில், கார்களுக்குப் பம்பர் செய்து பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். கரண்ட், தண்ணீர், காற்று மூன்றும் அவர் பொறுப்பு. ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் யாரும் நினைக்க மாட்டார்கள். நின்றால் எல்லாரும் திட்டுவார்கள். இந்த மாதிரி வேலையில் இருப்பவருக்குப் புகழ் கிடைப்பது கஷ்டம். ஜானகிராமனுக்கோ புகழ் இல்லாமல் இருப்பது கஷ்டம்.

சிக்கனம் நல்ல குணம்தானே என்று கேட்பீர்கள். நல்ல குணம்தான். ஜானகிராமனிடம் இருந்தது அது இல்லை. அவரிடம் இருந்தது, தான் மிச்சம் பிடிப்பதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஆபீசில் ஒரு ஃபேனுக்குக் கீழே மூன்று பேருக்குக் குறைவாக உட்கார்ந்திருந்தால் அணைத்துவிடுவார். இரண்டு பேருக்கு ஒரு ஃபேன் ஆடம்பரமாம். வியர்க்கிறவர்கள் மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டு அலைவார்கள். வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜை அணைத்து, காலை ஐந்து மணிக்குப் போடுவார். அவர் மனைவி ஞானம்பாள் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "எங்க வீட்டுல ஃபிரிட்ஜும் இருக்கு, பாலும் திரிஞ்சு போகும்" என்று சக டீச்சர்களிடம் சொல்வார். இதை ஜானகிராமன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது காற்றுக்கு வருவோம்.

பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பது காற்று. கம்ப்ரஸர் என்ற இயந்திரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, குழாய்க்குள் தள்ளும். அந்தக் காற்றுதான் 'கன்' என்ற துப்பாக்கி வழியாகப் பெயிண்டைத் தூவும். இதில் ஒரு சங்கடம். நம் பக்கத்துக் காற்று சாதாரணக் காற்று இல்லை. மாமல்லபுரத்துப் பக்கமிருந்து மத்தியானம் கிளம்பி வரும் கடல்காற்று, அடுப்பங்கரை உப்பையே கசிய வைத்துவிடும். அதை நெருக்கினால், ஈரத் துண்டை முறுக்கினதுபோலத் தண்ணீர் வரும். தண்ணீர் கலந்த காற்றில் பெயிண்ட் அடித்தால் பம்பரில் அம்மை போட்டதுபோலக் கொப்புளம்.

அதற்காகத்தான் கம்ப்ரஸர் ரூமில் டிரையர் என்று ஒன்று நிற்கும். ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு இரும்புக் கோபுரங்கள். இரண்டின் வயிற்றிலும் வெள்ளைக் குண்டுகள், ஜவ்வரிசியைக் கொஞ்சம் பெரிதாக்கினது மாதிரி. அலுமினா என்று பெயர். ஈரத்தைக் கண்டால் விடாது, குடித்துவிடும். ஒரு கோபுரம் ஐந்து நிமிடம் குடிக்கும். அந்த நேரத்தில் இன்னொன்று, முன்பு குடித்ததைக் கக்கும். கக்க வைப்பதற்கு, உலர்ந்து வந்த காற்றிலேயே ஏழில் ஒரு பங்கைத் திருப்பி அதன் வயிற்றுக்குள் விட வேண்டும். அந்தக் காற்று குண்டுகளின் ஈரத்தைத் துடைத்துச் சுமந்துகொண்டு, கீழே, சின்ன வால்வு வைத்த ஒரு வாய் வழியாக 'உஸ்ஸ்ஸ்' என்று வெளியே போகும். பிறகு கோபுரங்கள் முறை மாற்றிக்கொள்ளும். இதுதான் மொத்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

ஜானகிராமனுக்குப் புரிந்தது வேறு. நாள் பூராவும் காற்று வெளியே போகிறது. காற்று கரண்டில் வருகிறது. ஆகவே நாள் பூராவும் கரண்ட் வெளியே போகிறது.

அந்த டிரையரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர் நூர்முகமது. கம்ப்ரஸர் ஆபரேட்டர். சதுரங்கப்பட்டினத்துக்காரர், செங்கல்பட்டில் பெண் எடுத்தவர். நாலு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. அதாவது, எந்தச் சனிக்கிழமையும் "திங்கக்கிழமை வர வேணாம்" என்று சொல்லிவிடலாம். வேலை போனால் அவருக்குப் பட்டினி கிடையாது. அதைவிடக் கஷ்டமான ஒன்று காத்திருந்தது. மனைவியின் அண்ணன் ஜுனைத் செங்கல்பட்டு பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தார்.

"எப்ப மச்சான் கடைக்கு வர்றே?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜுனைத் கேட்பார். "மிஷின் கூட இன்னாத்துக்குப் பேசிக்கினு கீறே. இங்க வந்தா மனுசங்க காலையாவது புடிக்கலாம்."

மச்சான் முன்னால் குனிந்து ஊராருக்குச் செருப்பு மாட்டிவிடுவதைத் தவிர்ப்பதற்காக நூர்முகமது எதையும் செய்வார். கம்ப்ரஸரின் சத்தம் லேசாக மாறினாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். அந்த வேலை நிலைக்க வேண்டும், நிரந்தரம் ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு.

2001 ஜனவரியில் ஒரு நாள் ஜானகிராமன் கம்ப்ரஸர் ரூமுக்கு வந்து, அந்த 'உஸ்ஸ்ஸ்' வருகிற இடத்தில் உள்ளங்கையைக் காட்டினார்.

"நூரு, இது என்ன லீக்கா?"

"லீக்கு இல்ல சார். அது மூச்சு வுடற வழி."

"எத்தனை நேரம் விடும்?"

"நாள் முச்சூடும் விடும் சார். விட்டாத்தான் உள்ள கீற குண்டு காயும்."

ஜானகிராமன் கையை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தை ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார். "மூச்சை அடக்கறதுக்குப் பேர் என்ன தெரியுமா? யோகா. அந்தச் சின்ன வால்வை மூடு."

"மூடினா தண்ணி வரும் சார்."

"தண்ணி மேல இருந்து வருமா, காத்துல இருந்து வருமா? காத்தையே மிச்சம் பிடிக்கிறோம், தண்ணி எங்கேயிருந்து வரும்? மூடுய்யா."

இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. நூர்முகமது வால்வை மூடினார். சத்தம் நின்றது. கம்ப்ரஸர் கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் ஓய ஆரம்பித்தது. மீட்டர் மெதுவாக ஓடியது. ஜானகிராமன் மீட்டருக்கு முன்னால் நின்ற கோலத்தைச் சிங்கப்பெருமாள் சன்னதியில் கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் தினமும் காலையில் வந்து உள்ளங்கையைக் காட்டி, காற்று வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் டீ குடிக்கப் போவார். நூர்முகமது இரண்டு தடவை நைசாகத் திறந்து பார்த்தார். இரண்டு தடவையும் அந்தக் கை கண்டுபிடித்துவிட்டது.

மார்ச் கடைசியில் ஃபேக்டரியில் மின்சிக்கன விழா நடந்தது. ஃபேக்டரி மேனேஜர் பரணிதரன் ஒரு ஷீல்டு கொடுத்தார். மரத்தில் பித்தளைத் தகடு, தகட்டில் ஜானகிராமன் பெயர். எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்ட இடத்தில், "பல்வேறு காற்றுக் கசிவுகள் அடைக்கப்பட்டன" என்று எழுதியிருந்தார். யாரும் எந்தக் கசிவு என்று கேட்கவில்லை. ஷீல்டு கொடுக்கும் இடத்தில் கேள்வி கேட்பது நம் வழக்கம் இல்லை. மேடையில் அவர் நூர்முகமதுவின் பெயரைச் சொன்னாரா? ஒரு தடவை சொன்னார். "நூர்முகமது, அந்த ஃபேனை அணை" என்று.

கொப்புளம் ஷீல்டுக்காகக் காத்திருக்கவில்லை. பிப்ரவரியிலேயே ஆரம்பித்திருந்தது. முதலில் பத்துப் பம்பரில் ஒன்று. ஏப்ரலில் ஐந்தில் ஒன்று. பெயிண்ட் ஷாப்பில் ஒவ்வொரு பம்பரையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தேர்வு செய்கிறவர் லோகநாயகி. "சார், தண்ணி வருது சார், கன்னுல இருந்தே வருது" என்று முதல் வாரமே சொன்னார். சொன்னது பெண், அதுவும் மாதச் சம்பளம் குறைந்த பெண், ஆகவே காரணம் வேறு இடத்தில் தேடப்பட்டது.

முதலில் பெயிண்ட் கம்பெனியைத் திட்டினார்கள். பெயிண்ட் மாறியது, கொப்புளம் மாறவில்லை. பிறகு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு யாரும் பெயிண்ட் ஷாப்புக்குள் வரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எண்ணெய் ஆவி பம்பரில் படிகிறதாம். நாலாவது நாள் லோகநாயகி பரணிதரனிடமே போய்ச் சொன்னார்: "சார், எங்க தலைதான் காயுது. உங்க பம்பர் காயல."

மூன்றாவதாக, வெள்ளிக்கிழமை காலை, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். அதில் பம்பர் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வழுக்கி, கொப்புளமே இல்லாத பன்னிரண்டு பம்பர் உடைந்தது. அந்த மாதம் கொப்புளம் இல்லாமலே குப்பைக்குப் போன பம்பர்கள் அவை மட்டும்தான் என்று லோகநாயகி கணக்குச் சொன்னார்.

மே மாதம், வேறு வழியில்லாமல், டிரையரைத் திறந்து பார்க்கலாம் என்று ஜானகிராமனே சொன்னார். கோபுரத்தின் வயிற்றிலிருந்து குண்டுகளை அள்ளினால் ஊறவைத்த கடலை மாதிரிச் சொதசொதவென்று வந்தது. நூர்முகமது ஒரு கைப்பிடி எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"ஈரமா இருக்கே" என்றார் ஜானகிராமன்.

"ஆமா சார்."

"நெல்லு ஈரமா இருந்தா என்ன பண்ணுவோம்?"

"அரைப்போம் சார்."

"அதுக்கு முன்னாடி?"

நூர்முகமதுவுக்குப் புரிந்துவிட்டது. "சார், வால்வைத் தொறந்து வுட்டா அதுவே காயும் சார். அதுக்குத்தானே அத்த வெச்சிருக்கான்."

"காத்து கரண்ட்ல வருது. வெயில் சும்மா வருது." இதைச் சொல்லும்போது ஜானகிராமனின் முகத்தில் ஒரு ஒளி தெரிந்தது. அடுத்த வருஷத்து ஷீல்டின் ஒளி.

மதுராந்தகத்தில் நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காய வைப்பார்கள். லாரிக்காரன் ஒதுங்கிப் போவான். அதே முறை. ஃபேக்டரியின் சிமெண்ட் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, அறுநூறு கிலோ அலுமினாவைக் கொட்டி, அக்கினி நட்சத்திர வெயிலில் பரப்பினார்கள். பெருக்குகிற செங்கம்மாளுக்குக் கிண்டிவிடும் வேலை. நெல்லுக்குச் செய்வதுபோலவே காலால் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு நடந்தார்.

"இன்னா சார் இது, வேவாத ஜவ்வரிசியா?"

"மருந்தும்மா. காத்துக்கு மருந்து" என்றார் ஜானகிராமன்.

"ஒண்ணு எட்து வாயில போட்டேன் சார். நாக்குல ஒட்டிக்கினு வரவே மாட்டேன்னுது. காத்து இதத் துன்னா எப்டி சார் வூடு போய்ச் சேரும்?"

அந்தக் குண்டு குடித்த ஈரத்தை விடுவதற்குத் தோசைக்கல்லைவிட அதிகச் சூடு வேண்டும், அல்லது உலர்ந்த காற்று வேண்டும். செங்கல்பட்டு வெயில் ஆளைக் கொல்லும். அலுமினாவை ஒன்றும் செய்யாது. கொஞ்சநஞ்சம் காய்ந்ததையும், மூன்று மணிக்கு வந்த கடல்காற்று விசாரித்து நனைத்துவிட்டுப் போனது. ஜானகிராமன் விடவில்லை. இரண்டு நாள் காய வைத்தார். அந்த இரண்டு நாளும் டிரையர் இல்லாமலே, கடலிலிருந்து நேராகப் பம்பருக்கு வந்தது காற்று. மூன்றாவது நாள் செங்கம்மாள் முறத்தில் அள்ளிப் புடைத்துத் தூசி போக்க, திரும்பக் கோபுரத்தில் கொட்டினார்கள். மிதிபட்டதிலும் புடைத்ததிலும் பாதிக் குண்டு நொறுங்கியிருந்தது. வால்வு மூடியே இருந்தது.

அன்று சாயந்திரம் லோகநாயகி ஒரு பம்பரைத் தடவிப் பார்த்தார். "இத்தினி நாளா கொப்புளம். இன்னிலேர்ந்து கொப்புளத்துக்குள்ள மணலு."

அடுத்த வாரம் கார் கம்பெனி ஒரு லாரி நிறையப் பம்பரைத் திருப்பி அனுப்பியது. கூடவே ஒரு கடிதம். அதில் ஒரு படிவம். அந்தப் படிவத்துக்கு 'ஐந்து ஏன்' என்று பெயர். ஜப்பானிலிருந்து வந்த பழக்கம். ஒரு தப்பு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வந்த பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை தோண்டினால் தப்பின் வேர் கிடைக்கும். ஜப்பானில் கிடைக்குமோ என்னவோ. நம் ஃபேக்டரிகளில் ஐந்தாவது ஏன் தேவைப்படுவதே இல்லை; நாலாவதிலேயே ஒரு ஒப்பந்தத் தொழிலாளி கிடைத்துவிடுவான். கீழே 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "சம்பந்தப்பட்டவர் நீக்கப்பட்டார்" என்று எழுதினால் கார் கம்பெனிக்கும் திருப்தி, நமக்கும் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை டிரையர் கம்பெனி ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். ஏணி வேண்டாம், ஸ்பானர் வேண்டாம் என்றார். 'உஸ்ஸ்ஸ்' வர வேண்டிய வாயில் உள்ளங்கையைக் காட்டினார். பிறகு திரும்பி, "யாருங்க இதை மூடினது?" என்றார்.

நூர்முகமது ஜானகிராமனைப் பார்த்தார். ஜானகிராமன் கூரையைப் பார்த்தார். பரணிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங். பேரு தெரிஞ்சாகணும். படிவம் மத்தியானம் போகணும்."

சைக்கிள் ஸ்டாண்டில் நூர்முகமது ஜானகிராமனை மறித்தார்.

"சார், நாளிக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். உங்க சொல்லு கேட்டுத்தானே மூடுனேன்."

"பாப்போம்" என்றார் ஜானகிராமன்.

ஆபீஸ் தமிழில் 'பாப்போம்' என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். நாலு வருஷம் அங்கே இருந்தவருக்கு இது தெரியாதா? ஜானகிராமன் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவர் யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அவர் மிச்சம் பிடித்தவற்றில் வார்த்தையும் ஒன்று.

வீட்டில் ஞானம்பாள், "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஆபரேட்டர் ஒருத்தன் வால்வை மூடிட்டான். நாளைக்கு அவனை அனுப்பிடுவாங்க."

"அவனா மூடினான்?"

"கை அவனோடதுதானே?"

ஞானம்பாள் ஃபிரிட்ஜைத் தானே போய் அணைத்தார். மணி எட்டுகூட ஆகவில்லை. "மிச்சமாகட்டும்" என்றார். ஜானகிராமனுக்குச் சந்தோஷம்.

நூர்முகமதுவின் வீட்டிலும் அன்று அதே பேச்சுதான். "அந்தாளு சொல்ல மாட்டாரா?" என்று மனைவி ஷஹர்பானு கேட்டார்.

"மாட்டாரு."

"அப்ப எங்கண்ணன் கடைதானா?"

நூர்முகமது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவருக்கு இன்னா புடிக்காதுன்னு யோசிச்சிக்கினு கீறேன்" என்றார்.

"கரண்டு வீணாவறது புடிக்காதுன்னு சொல்லுவீங்களே."

"அதவிடப் புடிக்காதது ஒண்ணு கீது."

சனிக்கிழமை பத்து மணி. பரணிதரன் அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஜானகிராமன் உட்கார்ந்திருந்தார்; லோகநாயகி ஒரு கொப்புள பம்பரோடு நின்றிருந்தார்; நூர்முகமது கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பரணிதரன் பேனாவைத் திறந்தார்.

"ஏன் ஒண்ணு. கொப்புளம் ஏன் வந்தது?"

"தண்ணி சார்" என்றார் லோகநாயகி. "பிப்ரவரியிலேயே சொன்னேன்."

"தண்ணினு மட்டும் சொல்லுங்கம்மா, மாசமெல்லாம் படிவத்துல இல்ல. ஏன் ரெண்டு. தண்ணி ஏன் வந்தது?"

"டிரையர் காய வைக்கல" என்றார் ஜானகிராமன், சம்பந்தமில்லாத ஊரைப் பற்றிச் சொல்வதுபோல.

"மூணு. டிரையர் ஏன் காய வைக்கல?"

"வால்வு மூடியிருந்தது."

"நாலு. வால்வு ஏன் மூடியிருந்தது?"

ஜானகிராமன் தன் நகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். பரணிதரன் கதவுப் பக்கம் பார்த்தார்.

"நான்தான் சார் மூடுனேன்" என்றார் நூர்முகமது.

"ஆபரேட்டர் மூடினார்" என்று பரணிதரன் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். ஜானகிராமன் மூச்சு விட்டார். அவர் ஃபேக்டரியில் அன்று ஒழுங்காக வெளியே போன காற்று அது ஒன்றுதான்.

"திங்கக்கிழமை கான்ட்ராக்டரைப் பாத்துக்கப்பா" என்றார் பரணிதரன்.

"சரி சார்" என்றார் நூர்முகமது. நகரவில்லை. "ஆனா நாலுதான் சார் ஆவுது. அஞ்சுன்னு போட்டுக்கீதே."

"என்ன?"

"ஏன். அஞ்சு ஏன் கேக்கணும்னு மேல எழுதிக்கீது. நாலோட நிறுத்தினா திருப்பி அனுப்பிருவான் சார் கார் கம்பெனிக்காரன். பம்பரே திருப்பி அனுப்புறான்."

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது. பம்பருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பரணிதரன் எரிச்சலோடு பேனாவைத் திறந்தார். "சரி. ஏன் மூடினே?"

நூர்முகமது ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காத்து நாள் முச்சூடும் வீணாப் போய்க்கினு இருந்திச்சு சார். காத்து கரண்ட்டுல வருது இல்லியா? ஒரு நாள் உக்காந்து ரோசன பண்ணேன். இத்த மூடினா ஏழுல ஒரு பங்கு மிச்சம். மூடுனேன். மீட்டரு அப்பிடியே கொறஞ்சிச்சு. சாருக்கு ஷீல்டு குடுத்தீங்களே சார், அது இதனாலதான். ஐடியா நம்புளுது. சாருக்குக் கூட அப்பத் தெரியாது."

ஜானகிராமன் நகத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாருக்குத் தெரியாது?"

"உங்களுக்குத்தான் சார். நீங்க வேற லீக்கு எதையோ அடைச்சிக்கினு இருந்தீங்க. நான்தான் இங்க மிச்சம் புடிச்சேன்."

"அப்படியா" என்றார் பரணிதரன். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. "தப்பா இருந்தாலும் யோசிச்சிருக்கான். எண்ணம் நல்ல எண்ணம். இதை எழுதிடறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்தில், ஆபரேட்டர் நூர்முகமது அவர்கள், தானாக யோசித்து..."

"சார், நிறுத்துங்க சார்." ஜானகிராமன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "அவன் யோசிச்சானா? அவனுக்கு யோசிக்கத் தெரியுமா சார்? நாலு வருஷமா அந்தக் காத்து அவன் காதுகிட்டயே போய்க்கிட்டிருந்தது. கை வச்சுப் பாத்தது நான். மூடச் சொன்னது நான். தண்ணி வரும், வேணாம்னு சொன்னவன் சார் இவன். ரெண்டு தடவை எனக்குத் தெரியாமத் திறந்து வச்சான், நான் போய் மூட வச்சேன். ஏழுல ஒரு பங்குன்னு கணக்குப் போட்டது நான். அந்த ஐடியாவுல இவனுக்கு ஒரு துளி பங்கு கிடையாது."

பம்பரைக் கீழே வைத்துவிட்டு லோகநாயகி பார்த்தார். பரணிதரன், எழுதிய வரியை மெதுவாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

"தண்ணி வரும்னு அவர் சொன்னாரா?"

"சொன்னான் சார். எத்தனை தடவை சொன்னான் தெரியுமா? நான் கேட்டாத்தானே."

"திறந்து வேற வச்சாரா?"

"ரெண்டு தடவை. நான் விடல."

"அதுக்கப்புறம், வெயில்ல காய வச்சது?"

"அதுவும் நான்தான் சார்" என்றார் ஜானகிராமன், கேட்காத பரிசையும் வாங்கிக்கொள்கிறவர்போல. "அதுக்காவது இவன் உரிமை கொண்டாட மாட்டான்னு நினைக்கிறேன்."

"மாட்டேன் சார்" என்றார் நூர்முகமது பணிவாக. "அது உங்குளுதுதான்."

பரணிதரன் ஐந்தாவது கட்டத்தில் ஒரு வரி எழுதினார். நாலாவது கட்டத்தில் 'சூப்பர்வைசர் உத்தரவில்' என்று இரண்டு வார்த்தை சேர்த்தார். 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'யில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தார். சூப்பர்வைசரை நீக்க முடியாது. அவர் நிரந்தரம், யூனியன் வரும், தவிர ஷீல்டு கொடுத்த கை பரணிதரனுடையது. கடைசியில் வந்த முடிவு: ஜானகிராமன் திங்கட்கிழமையிலிருந்து கேன்டீன் பராமரிப்புக்கு மாற்றம். வால்வு உடனே திறக்கப்படும். குண்டுகள் புதிதாக வாங்கப்படும். கம்ப்ரஸர் ரூம் இனி, எச்சரித்த ஆபரேட்டரின் பொறுப்பு. அவரை நிரந்தரம் செய்யத் தலைமை அலுவலகத்துக்குப் பரிந்துரை. எச்சரித்தவரை நீக்கினதாக எழுதினால் கார் கம்பெனி ஆறாவது ஏன் கேட்கும் என்ற பயமும் அதில் உண்டு. நல்லெண்ணம் மட்டும் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

வெளியே வராந்தாவில் ஜானகிராமன் வேகமாக நடந்தார். கேன்டீன் என்பது இன்னும் அவர் காதில் முழுசாக விழவில்லை. அதில் எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை அனாவசியமாக எரிகிறது என்பதற்கு அவர் மனம் அதற்குள் போயிருக்கவும் கூடும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றார்.

"நூரு."

"சார்."

"நாலு வருஷம் கூட இருந்திருக்கே. இப்படிப் பண்ணலாமா? இன்னொருத்தன் ஐடியாவைப் போய் உன்னோடதுன்னு..."

"ஆசைதான் சார்."

"ஆசைக்கு ஒரு அளவு வேணாமா?"

"வேணும் சார்."

"நான் மட்டும் அங்க இல்லேன்னா உன் பேருல எழுதியிருப்பார்."

"எழுதியிருப்பாரு சார்."

ஜானகிராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் தணிந்து, பெரிய மனசு ஒன்று முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"போ. மன்னிச்சுட்டேன்."

மன்னிக்கப்பட்ட நூர்முகமது தலையை ஆட்டிவிட்டு, வால்வைத் திறக்கக் கம்ப்ரஸர் ரூமுக்குப் போனார்.